எல்லாமே புள்ளின்னா மெய்யெழுத்துப் புள்ளி எங்கே? புள்ளியால ஒரு ரெட்ரோ தமிழ் ஃபான்ட் செய்ய முழு வழிகாட்டி

எங்க தெருமுனையில ஒரு மெடிக்கல் ஷாப் இருக்கு, வாசல்ல சிவப்பு எல்ஈடி போர்டு ஓடும். ராத்திரி நல்லா பளிச்சுனு தெரியும், ஆனா அதுல ஓடுறது "மருநதகம". ந்-ல புள்ளி இல்ல, கடைசி ம்-ல புள்ளி இல்ல. கிட்ட போய் நின்னு பாத்தா விஷயம் புரிஞ்சது, புள்ளியை வைக்காம விடல, எழுத்தை போர்டு உசரம் முழுக்க இழுத்து வச்சுட்டாங்க, மேல புள்ளிக்கு இடமே மிச்சம் இல்ல, வச்ச ஒத்தை பல்பும் எழுத்தோட தலையில ஒட்டிக்கிட்டு எழுத்தோட ஒரு பகுதியாவே ஆயிடுச்சு.

புள்ளி ஃபான்ட் பத்தி இங்கிலீஷ்ல எவ்வளவோ வழிகாட்டி இருக்கு, அஞ்சு புள்ளி அகலம் ஏழு புள்ளி உசரம்னு கட்டம் போடு, ஏ-ல இருந்து இசட் வரைக்கும் வரை, முடிஞ்சது. தமிழுக்கு அது பத்தாது. நம்ம எழுத்துல புள்ளிங்கறதே ஒரு எழுத்துக்குறி, அது இல்லேன்னா வார்த்தையே மாறிடும். உடம்பு முழுக்க புள்ளியாலயே ஆன எழுத்துல அந்த ஒரு புள்ளி மட்டும் "நான் வேற"ன்னு எப்படி தெரியணும்? இந்த வழிகாட்டியில மத்த எல்லாத்தையும் சொல்றேன், ஆனா எல்லா முடிவும் கடைசியில இந்த ஒரு கேள்விக்குத்தான் வந்து நிக்கும்.

முதல்ல, இந்த லுக் எங்க இருந்து வந்துச்சு

ரெட்ரோன்னு சும்மா சொல்லக்கூடாது, எந்த மெஷினோட ரெட்ரோன்னு முடிவு பண்ணிக்கிட்டா டிசைன் தானா உருவாகும். 1928-ல நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர்ல ஒரு கட்டடத்தைச் சுத்தி ஓடற செய்தி போர்டு வச்சாங்க, அதுல 14,800 பல்பு. அது பல்பு காலம். அப்புறம் 1960-கள்ல கனடாவுல ஃபெரான்டி-பேக்கர்டுன்னு ஒரு கம்பெனி ஃபிளிப் டாட் போர்டு கொண்டு வந்துச்சு, ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்ன வட்டத் தகடு, ஒரு பக்கம் கறுப்பு இன்னொரு பக்கம் பளிச்சு மஞ்சள், காந்தம் தட்டினா திரும்பிக்கும், திரும்பினதுக்கு அப்புறம் கரண்டே வேண்டாம். வெளிநாட்டு பஸ்ல எல்லாம் இது ரொம்ப காலம் ஓடுச்சு. 1980-ல எப்சன் எம்எக்ஸ்-80 பிரின்டர் வந்துச்சு, ஒன்பது ஊசி, ரிப்பன் மேல டக டகன்னு குத்தும், ரெண்டு ஓரமும் ஓட்டை போட்ட பேப்பர் மடிஞ்சு மடிஞ்சு வெளிய வரும், அந்த சத்தம் கேட்டு வளர்ந்தவங்களுக்கு இன்னும் காதுல இருக்கும். அப்புறம் ஹிட்டாச்சி எச்டி44780-ன்னு ஒரு சிப், எலக்ட்ரானிக்ஸ் கத்துக்கற பசங்க எல்லாரும் ஒரு தடவையாவது தொட்டிருக்கற அந்த 16 எழுத்து ரெண்டு வரி எல்சிடி, அதுல ஒரு எழுத்துக்கு 5×8 புள்ளிதான்.

இதுல எல்லாம் புள்ளி வேற வேற. பிரின்டர் புள்ளி ஒன்னு மேல ஒன்னு லேசா ஏறி மை கசியும். ஃபிளிப் டாட் தனித்தனி வட்டமா நிக்கும். பல்பு ஒளி பரவும். நான் இங்க எடுத்துக்கறது நம்ம ஊர் கடைத்தெருவுல தினமும் பாக்கற எல்ஈடி போர்டு. அந்த போர்டெல்லாம் பெரும்பாலும் பி10-ன்னு சொல்ற பலகையை வரிசையா மாட்டி செய்யறது, ஒரு பலகையில 32 நிரை (மேல இருந்து கீழ நிக்கற வரிசையை இங்க நிரைன்னு சொல்றேன்) 16 வரிசை, மொத்தம் 512 எல்ஈடி, ஒன்னுக்கும் அடுத்ததுக்கும் 10 மில்லிமீட்டர். இந்த 16-ங்கற எண்ணை அப்படியே மனசுல வச்சுக்கங்க, மொத்த ஃபான்ட்டும் இதுல தான் உக்காரப் போகுது.

கட்டம்: நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா

கோலம் போடறவங்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்ல. நேர்ப்புள்ளின்னா ஒன்னுக்கு நேர் கீழ ஒன்னு. ஊடுபுள்ளின்னா ரெண்டு புள்ளிக்கு நடுவுல அடுத்த வரிசை புள்ளி வரும், இடுக்குப் புள்ளின்னும் சொல்வாங்க. ஃபான்ட்டுக்கும் இந்த ரெண்டே வழிதான்.

ஊடுபுள்ளி பாக்க அழகா இருக்கும், வளைவு எல்லாம் நல்லா வரும், ஏன்னா சுத்தி இருக்கற ஆறு புள்ளியும் ஒரே தூரம். ஆனா நேர்க்கோடு நெளியும், ட, ப, ா எல்லாம் நேர்க்கால்ல நிக்கற எழுத்து, அதுங்க எல்லாம் பாம்பு மாதிரி ஆயிடும். இன்னொன்னு, ஆறு பக்கமும் ஒரே தூரம் வேணும்னா வரிசைக்கு வரிசை இடைவெளி 0.866 பங்கு வைக்கணும், அது முழு பிக்சல்ல உக்காராது. அதனால முதல் ஃபான்ட்டுக்கு நேர்ப்புள்ளியே போதும்.

நேர்ப்புள்ளியில ஒரு சிக்கல் உண்டு. நேரா இருக்கற ரெண்டு புள்ளிக்கும் குறுக்கா இருக்கற ரெண்டு புள்ளிக்கும் தூரம் ஒன்னில்ல, குறுக்கே 1.41 மடங்கு. இதை எண்ணுல போட்டு பாத்தாதான் எவ்வளவு பெருசுன்னு தெரியும், அதுக்கு அளவை முடிவு பண்ணுவோம்.

அளவு

ஃபான்ட் சதுரத்தோட உசரம் 1024 யூனிட். அதை 16 வரிசையா பிரிச்சா ஒரு வரிசை 64 யூனிட். புள்ளியோட விட்டம் 52. அப்போ பக்கத்து பக்கத்து புள்ளிக்கு நடுவுல 12 யூனிட் சந்து.

ஏன் 1000 வேண்டாம் 1024 வேணும்னா, ஸ்கிரீன்ல 64 பிக்சல் அளவுல இந்த ஃபான்ட்டை போட்டா ஒரு கட்டம் சரியா 4 பிக்சல், 48-ல போட்டா 3 பிக்சல். எல்லா புள்ளியும் ஒரே மாதிரி விழும். 1000 யூனிட் வச்சு கட்டத்தை 70, 75-ன்னு போட்டா ஒரு புள்ளி தெளிவா ஒரு புள்ளி மங்கலா விழும், என்னடா இதுன்னு ரெண்டு நாள் தேடுவீங்க.

இப்போ அந்த குறுக்கு கணக்கு. நேர் தூரம் 64, குறுக்கு தூரம் கிட்டத்தட்ட 90. புள்ளி விட்டத்தை கழிச்சா நேர் சந்து 12, குறுக்கு சந்து 38. மூணு மடங்குக்கு மேல. அதனாலதான் புள்ளி ஃபான்ட்ல சாய்ஞ்ச கோடு எப்பவும் நைஞ்சு போன மாதிரி தெரியும். ர-வோட அடிக்கீற்று, ஏ-வோட கீற்று எல்லாம் ரெண்டு மூணு புள்ளிக்கு மேல குறுக்கா இழுக்காதீங்க, நடுவுல ஒரு புள்ளி பக்கவாட்டுல சேத்து படி மாதிரி இறக்குங்க.

விட்டம் 52-ன்னா ஒரு கட்டத்துல பாதி இடம்தான் நிரம்பும், 52 சதவீதம் கிட்ட. அதனால வெள்ளை பேப்பர்ல கறுப்பா போட்டா எழுத்து சாம்பலா வெளுத்து தெரியும், கறுப்பு பின்னணியில மஞ்சளாவோ சிவப்பாவோ போட்டா ஜொலிக்கும். வெள்ளையிலதான் போடப் போறீங்கன்னா விட்டத்தை 58 வரைக்கும் ஏத்தலாம், 64-ஐ தொடாதீங்க, தொட்டா புள்ளி ஒட்டிக்கும், எழுத்து சங்கிலி மாதிரி ஆயிடும்.

16 வரிசையை எப்படி பங்கு போடறது

இந்த இடத்துலதான் அந்த மெடிக்கல் ஷாப் போர்டு தப்பு பண்ணுச்சு. பங்கு இப்படி: எழுத்து உடம்புக்கு 8 வரிசை. அதுக்கு மேல 3 வரிசை. அடியில 3 வரிசை. உச்சியில ஒன்னு, அடிமட்டத்துல ஒன்னு காலி. மொத்தம் 16. அதாவது அசென்ட் (அடிக்கோட்டுக்கு மேல இருக்கற உசரம்) 768, டிசென்ட் (அதுக்கு கீழ இருக்கறது) 256.

மேல இருக்கற 3 வரிசையில கீழ் வரிசை எப்பவும் காலி, மேல ரெண்டுதான் மெய்யெழுத்துப் புள்ளிக்கு. ி, ீ விலங்குக்கும் ே சுழிக்கும் மட்டும் அந்த காலி வரிசை வழியா போக அனுமதி உண்டு, ஏன்னா அது எழுத்தோட ஒட்டித்தான் இருக்கணும். அடி 3 வரிசை கு, கூ, ரு, ஞூ மாதிரி கீழ இறங்கற எழுத்துக்கு.

எட்டு வரிசையில ண, ஞ, ணை எல்லாம் அடங்குமான்னு கேப்பீங்க. உசரத்துல அடங்கும், அகலத்துலதான் தாராளமா விடணும். எல்லா எழுத்தும் ஒரே அகலம்ங்கற ஆசையை விட்டுடுங்க, அது இங்கிலீஷுக்கு ஓடும், தமிழுக்கு ஓடாது. ட, ப எல்லாம் 6 நிரை, க, ம, த எல்லாம் 8, ண 12-ன்னு விட்டேன். கவனிச்சீங்கன்னா எல்லாமே இரட்டைப்படை. அதுக்கு காரணம் அடுத்த பகுதியில இருக்கு.

புள்ளி

ட எழுதிப் பாருங்க, தமிழ்லயே சுலபமான எழுத்து, 13 புள்ளி:

●○○○○○
●○○○○○
●○○○○○
●○○○○○
●○○○○○
●○○○○○
●○○○○○
●●●●●●

இப்போ ட் வேணும். மேல ஒரு புள்ளி வைங்க, அவ்வளவுதானேன்னு கால் மேலயே ஒன்னு வச்சா:

●○○○○○
●○○○○○
●○○○○○
●○○○○○
●○○○○○
●○○○○○
●○○○○○
●○○○○○
●●●●●●

இது ட் இல்ல, கொஞ்சம் உசரமான ட. பட்டம், சட்டம், வட்டம் எல்லாம் போச்சு. சரி ஒரு வரிசை தள்ளி வைப்போம்னா, தூரத்துல இருந்து பாக்கும்போது ஒரு பல்பு அணைஞ்ச மாதிரிதான் தெரியும், ஏன்னா நம்ம கண்ணு புள்ளி வரிசையை கோடா சேத்துப் பாக்க பழகிடுச்சு, நடுவுல ஒன்னு விட்டுப்போனா தானே நிரப்பிக்கும்.

அதனால ரெண்டு மாத்தம் சேந்து பண்ணணும். இடம் தள்ளணும், உருவமும் மாறணும்.

○●●○○○
○●●○○○
○○○○○○
●○○○○○
●○○○○○
●○○○○○
●○○○○○
●○○○○○
●○○○○○
●○○○○○
●●●●●●

நாலு புள்ளி சேந்த கட்டி, அடியில ஒரு முழு காலி வரிசை, எழுத்துக் காலுக்கு நேர் மேல இல்லாம விலகி. இப்போ யாரும் இதை கால்னு நினைக்க மாட்டாங்க. கட்டி ரெண்டு நிரை அகலம், அதனாலதான் எழுத்து அகலம் இரட்டைப்படையா இருந்தா ப், க், ம் மேல எல்லாம் நட்ட நடுவுல உக்காரும்.

நிஜமான எல்ஈடி போர்டுக்கு இந்த நாலு புள்ளி கட்டியே சிறந்த வழி, வேற வழியும் இல்ல. ஆனா நாம செய்யறது ஃபான்ட், நமக்கு பல்புக்கு கட்டுப்பட வேண்டியதில்ல. கையால எழுதும்போது நம்மில் நிறைய பேர் புள்ளியை குட்டி வட்டமா சுழிப்போம் இல்லையா, நடுவுல ஓட்டையோட? அதையே எடுத்துக்கங்க. அந்த நாலு புள்ளி இடத்துல ஒரே வளையம், வெளி விட்டம் 116, உள் ஓட்டை 52. வெளி விட்டம் 116-ன்னா ரெண்டு கட்டம் 128-ல 12 போக மிச்சம், அதே சந்து. ஓட்டை 52-ன்னா ஒரு புள்ளி அளவு. ரெண்டு எண்ணும் ஏற்கனவே ஃபான்ட்ல இருக்கறதால வளையம் அந்நியமா தெரியாது, அதே சமயம் மொத்த எழுத்துலயும் ஓட்டை உள்ள ஒரே பொருள் அதுதான். என்னோட ஃபான்ட்டுக்கு விளையாட்டுத்தனம் வந்ததே இந்த வளையத்தாலதான், "மருந்தகம்"னு போட்டா எழுத்து மேல ரெண்டு குட்டி குமிழி மிதக்கற மாதிரி இருக்கும்.

ஓலைச்சுவடியில பல இடத்துல புள்ளியே வைக்க மாட்டாங்க, படிக்கறவங்க இடம் பாத்து புரிஞ்சுக்குவாங்க. அவங்களுக்கு அந்தப் பழக்கம் இருந்துச்சு. ஓடற பஸ்ஸைப் பாத்து ரெண்டு செகண்டுல ஊர் பேர் படிக்கறவங்களுக்கு புள்ளி இருந்தே ஆகணும்.

சுழி, கொம்பு, இன்னும் மாட்டற இடங்கள்

சுழிக்கு குறைஞ்சது 3×3 வேணும். நாலு மூலையையும் எடுத்தா நாலு புள்ளி வைரம் மாதிரி நிக்கும், ஆனா அந்த நாலுமே ஒன்னுக்கொன்னு குறுக்கு தூரத்துல இருக்கு, 38 யூனிட் சந்து, சுழியா தெரியாம சிதறின மாதிரி தெரியும். எட்டு புள்ளியும் வச்சா சதுரப் பொட்டி. ஒரே ஒரு மூலையை மட்டும் எடுங்க, கோடு எந்தப் பக்கமா வெளிய போகுதோ அதுக்கு எதிர்மூலை, அப்போ ஏழு புள்ளியில சுழிச்ச மாதிரி வரும்.

ெ-க்கும் ே-க்கும் வித்தியாசம் மேல இருக்கற சுழி மட்டும்தான், அதை ஒரு புள்ளி சேத்து சமாளிக்காதீங்க, முழு சுழியா வைங்க, மேல இருக்கற வரிசையை கூட எடுத்துக்கங்க. ி-க்கும் ீ-க்கும் அதே கதை. ா-வும் ர-வும் பக்கத்துல பக்கத்துல வரும்போது ர-வோட அடிக்கீற்று ரெண்டு புள்ளியாவது அடிக்கோட்டுக்கு கீழ இறங்கணும், "காரம்", "தாரா" எழுதிப் பாத்தா போதும், தப்பு உடனே தெரியும்.

ரெட்ரோ மனசு உள்ளவங்களுக்கு ஒரு விஷயம். 1978-ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டப்போ 13 எழுத்து மாறுச்சு: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை. அதுல பழைய லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு தூக்கி நிக்கும். அந்த நாலு ஐகாரத்தையும் புள்ளியில வரைஞ்சு ஸ்டைலிஸ்டிக் செட்ல மாற்று வடிவமா வச்சா, பழைய சினிமா போஸ்டர் மாதிரி டிசைன் பண்றவங்க கும்பிடுவாங்க. கட்டாயம் இல்ல, ஆனா வரையறப்போ ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

எத்தனை எழுத்து வரையணும்

247-ன்னு பயந்துடாதீங்க. உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18. மெய் 18. அப்புறம் இ, ஈ, உ, ஊ வரிசை ஒவ்வொன்னும் 18, அது 72. மிச்ச உயிர்மெய் எல்லாம் ா, ெ, ே, ை, ௗ-ங்கற துண்டை முன்ன பின்ன மாட்டினா வந்துடும், தனியா வரைய வேண்டாம். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ, எண்கள், நிறுத்தக்குறி, ரூபாய் குறி சேத்துக்கங்க. இ, ஈ வரிசையை விலங்கு மட்டும் தனியா வச்சு ஒட்டலாமேன்னு தோணும், ஆனா கட்ட ஃபான்ட்ல விலங்கு ஒரு நிரை தள்ளினாலும் அசிங்கமா தெரியும், அதனால 18-ஐயும் தனித்தனியா வரைஞ்சுடுங்க, ஒரு சாயங்காலம் தான் ஆகும்.

வரையற முறை

கட்டம் போட்ட நோட்டு, பென்சில், அழிரப்பர். உண்மையாவே இதுதான் வேகம். ஸ்கிரீன்ல ஆரம்பிச்சா பெருசாக்கிப் பெருசாக்கி ஒரே எழுத்துல மூழ்கிடுவோம், பேப்பர்ல பத்து எழுத்து பக்கத்துல பக்கத்துல தெரியும். எந்த எழுத்துல ஆரம்பிக்கறது? ட, ப, ம, க. இந்த நாலுல நேர்க்கால், அடிக்கோடு, சுழி, குறுக்குக்கோடு எல்லாம் வந்துடும், மத்ததெல்லாம் இதுங்களோட சொந்தக்காரங்கதான்.

பேப்பர்ல திருப்தி ஆனதும் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல்ல ஏத்துங்க, புள்ளி இருக்கற இடத்துல ஒரு குறி, இல்லாத இடத்துல வேற குறி, மேல காட்டின மாதிரியே. எழுத்தை திருத்தணும்னா நோட்பேட்ல ஒரு குறியை மாத்தினா போதும்.

ஃபான்ட்டா மாத்தறது

இலவச சாஃப்ட்வேர் வேணும்னா ஃபான்ட்ஃபோர்ஜ், காசு குடுத்து மேக்ல வேலை செய்யறவங்களுக்கு கிளிஃப்ஸ். நான் ஃபான்ட்ஃபோர்ஜ் வச்சு சொல்றேன், ஏன்னா அதுல பைத்தான் ஸ்கிரிப்ட் போடலாம்.

முதல்ல எம் அளவு, அதாவது அந்த ஃபான்ட் சதுரம், 1024, அசென்ட் 768, டிசென்ட் 256. அப்புறம் ஒரே ஒரு வட்டம் வரையுங்க, விட்டம் 52, அதோட மையம் சரியா ஆதிப்புள்ளியில, அதாவது சுழியம் சுழியத்துல இருக்கணும். இது முக்கியம், ஏன்னு பின்னாடி வரும். அதை தனி கிளிஃபா (கிளிஃப்னா ஃபான்ட்டுக்குள்ள இருக்கற ஒரு வடிவம்) "புள்ளி"ன்னு பேர் வச்சு சேமிங்க, யூனிகோட் எண் குடுக்க வேண்டாம். அதே மாதிரி வளையம் தனி கிளிஃப், உள் வட்டம் வெளி வட்டத்துக்கு எதிர் திசையில சுத்தணும், இல்லேன்னா ஓட்டை அடைஞ்சு முழு உருண்டையா வரும்.

இனிமே எந்த எழுத்துலயும் வட்டம் வரையக் கூடாது. எல்லா எழுத்தும் இந்த ஒரு புள்ளியை ரெஃபரன்ஸா இழுத்துத்தான் கட்டணும். ஸ்கிரிப்ட் டெக்ஸ்ட் ஃபைலைப் படிக்கும், குறி இருக்கற ஒவ்வொரு இடத்துலயும் புள்ளி கிளிஃபுக்கு ஒரு ரெஃபரன்ஸ் போடும். முதல் நிரையோட மையம் 32, அடுத்தது 96, அதுக்கப்புறம் 64 64-ஆ கூடும். உசரத்துல அடிக்கோட்டு வரிசை மையம் 32, மேல போகப் போக 64 கூட்டணும், கீழ போனா கழிக்கணும். எழுத்து அகலம் நிரை எண்ணிக்கையோட ஒன்னு கூட்டி 64-ஆல பெருக்கினது, அந்த ஒரு நிரைதான் அடுத்த எழுத்துக்கு இடைவெளி. ட-வுக்கு 6 கூட்டல் 1, 448 யூனிட். வார்த்தை இடைவெளிக்கு 4 நிரை.

இப்படி கட்டறதோட பலன் எவ்வளவுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. புள்ளி கொஞ்சம் பெருசா வேணுமா, ஒரே ஒரு கிளிஃபை மாத்தினா மொத்த ஃபான்ட்டும் மாறும். மையம் ஆதிப்புள்ளியில இருக்கறதால எதுவும் நகராது. வட்டத்துக்கு பதில் அஞ்சு இதழ் பூ வரைஞ்சு பாருங்க, எல்லா எழுத்தும் பூக்கோர்த்த மாதிரி ஆயிடும், பொங்கல் வாழ்த்து அட்டைக்கு நான் அப்படித்தான் பண்ணேன், வேலை பத்து நிமிஷம். நட்சத்திரம், சதுரம், இதயம், எது வேணாலும். ஃபைலும் சின்னதா இருக்கும், வட்டத்தோட வளைவு ஒரு தடவைதான் சேமிக்கப்படுது, மத்ததெல்லாம் "அதை இங்க வை"ங்கற குறிப்பு மட்டும்.

வேரியபிள் ஃபான்ட் (ஒரே ஃபைல்லயே புள்ளி அளவை கூட்டிக் குறைக்கறது) வேணும்னாலும் இதே வழிதான், புள்ளி கிளிஃபுக்கு மட்டும் சின்னது பெருசுன்னு ரெண்டு மாஸ்டர் குடுத்தா மத்த எல்லா எழுத்தும் தானா கூடவே வரும். ஆனா அதுக்கு ஃபான்ட்ஃபோர்ஜ் சரிப்படாது, கிளிஃப்ஸோ ஃபான்ட்மேக்கோ வேணும்.

தமிழ் சேர்க்கை விதிகள்

இதை விட்டா வரைஞ்ச உழைப்பு வீண். யூனிகோட்ல கு-ன்னு தனி எண் கிடையாது, க-வும் ு-வும் பக்கத்துல வந்தா நீங்க வரைஞ்ச கு-வை எடுத்து போடுன்னு ஃபான்ட்டுக்குள்ள ஓப்பன்டைப் விதி எழுதணும். க-வும் புள்ளியும் வந்தா க், இது எச்-ஏ-எல்-என் ஃபீச்சர் (ஃபீச்சர்னா இந்த விதிகளுக்கு வச்ச நாலெழுத்துப் பேர்). இ, ஈ வரிசைக்கு ஏ-பி-வி-எஸ். உ, ஊ வரிசைக்கு பி-எஸ்-டி-எஸ். க்ஷ-வுக்கும் ஸ்ரீ-க்கும் ஏ-கே-எச்-என். ஸ்கிரிப்ட் குறியீடு டி-எம்-எல்-2 போடுங்க, பழைய சாஃப்ட்வேருக்காக டி-ஏ-எம்-எல்-லயும் அதே விதியை குடுத்துடுங்க.

ெ, ே, ை எழுத்துக்கு முன்னாடி போய் உக்காரறதுக்கு நீங்க எதுவும் எழுத வேண்டாம், கம்ப்யூட்டர்ல இருக்கற ஷேப்பிங் இன்ஜினே தூக்கி வச்சிடும். கொ, கோ-வையும் அதே ரெண்டா பிரிச்சு ரெண்டு பக்கமும் போட்டுடும்.

கெர்னிங் (ரெண்டு எழுத்துக்கு நடுவுல இடைவெளியை கூட்டிக் குறைக்கறது) போடறதா இருந்தா 64-ஓட மடங்குல மட்டும். ட-வுக்கு வலது மேல் பக்கம் வெறிச்சுனு இருக்கும், கொஞ்சம் உள்ள இழுக்கலாம்னு கை துறுதுறுக்கும், 20 யூனிட் இழுத்தீங்கன்னா அந்த வார்த்தையில மீதி எழுத்து எல்லாம் கட்டத்தை விட்டு விலகி நிக்கும். போர்டு மாதிரி தெரியற அந்த மாயம் அங்கயே உடைஞ்சு போகும்.

எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஆட்டோ ஹின்டிங்கை அணைச்சுடுங்க. அது நல்லது பண்றதா நினைச்சு ஒவ்வொரு புள்ளியையும் பிக்சலுக்கு இழுக்கும், ஒரு சந்து பெருசு ஒரு சந்து சிறுசுன்னு வரும். அப்புறம் விண்டோஸ்ல ீ-யோட சுழி மேல வெட்டுப்பட்டா பயப்படாதீங்க, வின் அசென்ட்னு தனியா ஒரு எண் இருக்கு, அதையும் டைப்போ, எச்ஹெட்னு இருக்கற மத்த ரெண்டையும் அதே 768-ல வைங்க, டிசென்ட்டுக்கும் அப்படியே 256.

அணைஞ்ச புள்ளி

இது சேக்கலேன்னாலும் ஃபான்ட் ஓடும், ஆனா சேத்தா நிஜ போர்டு மாதிரி ஆயிடும். நிஜ போர்டுல எரியாத பல்பும் மங்கலா தெரியும் இல்லையா? கலர் ஃபான்ட் முறையில ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில ஒரு லேயர், அதுல 16 வரிசையும் முழுக்க மங்கலான புள்ளி. மேல லேயர்ல எரியற எழுத்து. வரி உசரத்தை சரியா 1-ன்னு வச்சா, மேல் வரியோட கட்டமும் கீழ் வரியோட கட்டமும் சேந்து ஒரே பெரிய பலகையா நிக்கும். வளையம் வர்ற இடத்துல மட்டும் அடியில இருக்கற நாலு மங்கல் புள்ளியை எடுத்துடுங்க, இல்லேன்னா ஓட்டை வழியா எட்டிப் பாக்கும். வளையத்துக்கு வேற கலரே குடுக்கலாம், எழுத்து மஞ்சள் வளையம் சிவப்புன்னு வச்சுப் பாத்தேன், புள்ளி விட்டுப்போச்சான்னு யாரும் கேக்கவே முடியாது. பிரவுசர்ல இது நல்லா வேலை செய்யும், கலர் ஃபான்ட் தெரியாத சாஃப்ட்வேர்ல சாதா எழுத்தா விழும், கெட்டுப் போகாது.

சோதனை

அ-வுல இருந்து ன வரைக்கும் வரிசையா போட்டுப் பாக்கறது சோதனை இல்ல, வரிசையில பாத்தா எல்லா எழுத்தும் நல்லாத்தான் தெரியும், அடுத்து என்ன வரும்னு நமக்கு முன்னாடியே தெரியுமே. சின்ன வயசுல நாக்கு பிறழ சொன்னதை எல்லாம் டைப் பண்ணுங்க. "யாரு தச்ச சட்டை எங்க தாத்தா தச்ச சட்டை", இதுல ச்ச, ட்ட, த்த, எத்தனை புள்ளி பாருங்க. "ஓடுற நரியில ஒரு நரி கிழ நரி", இதுல ரி, ழ, ற. "கடலோரத்தில் உரல் உருளுது", இதுல ர, ல, ரு, ளு மாறி மாறி வரும். அப்புறம் புள்ளி மாறினா அர்த்தம் மாறற ஜோடி: கல, கல். மண, மண்.

போன்ல ஏத்தி சுவத்துல சாய்ச்சு வச்சுட்டு நாலு எட்டு தள்ளி நின்னு பாருங்க, கண்ணை பாதி மூடிக்கிட்டும் பாருங்க. அப்பவும் ட்-ல வளையம் தனியா தெரிஞ்சா வரிசை பங்கு சரி. அப்புறம் இந்த ஃபான்ட்டை பாக்காத ஒருத்தர்கிட்ட குடுத்து சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. எங்க அம்மா "மருந்தகம்" சட்டுனு வாசிச்சுட்டாங்க, ஆனா "தேனீ"-யில நின்னுட்டாங்க, "தெனி"-யான்னு கேட்டாங்க. ே-வோட சுழியும் ீ-யோட சுழியும் வைர வளையமா நாலு புள்ளியில வச்சிருந்தேன், அன்னைக்கு ராத்திரியே ஏழு புள்ளியா மாத்தினேன்.

எங்க போடலாம், எங்க போடக்கூடாது

பத்தி பத்தியா படிக்கறதுக்கு இது ஆகாது. தலைப்பு, போஸ்டர், கடை பேர், டி-ஷர்ட், கச்சேரி அழைப்பு, கேம் ஸ்கோர். ஸ்கிரீன்ல 48 பிக்சலுக்கு கீழ போகாதீங்க, போனாலும் 16-ஓட மடங்குல போங்க. பிரின்ட்ல ஒரு கட்டம் ஒரு மில்லிமீட்டராவது இருக்கணும், அது கிட்டத்தட்ட 45 பாயின்ட்.

நிஜ எல்ஈடி போர்டுக்கு இதே டெக்ஸ்ட் ஃபைல் அப்படியே பயன்படும், வளையத்துக்கு பதிலா நாலு புள்ளி கட்டி. மருந்தகம் எழுத ஆறு எழுத்தும் எட்டெட்டு நிரைன்னு வச்சா இடைவெளியோட 54 நிரை, ரெண்டு பி10 பலகை 64 நிரை, ஓட விடாமலே நிக்கும்.

ஸ்டிக்கர் கட்டிங்குக்கு குடுக்கறதா இருந்தா முன்கூட்டியே கடைக்காரர்கிட்ட பேசிடுங்க. ஒரு ப-வுல 20 புள்ளி, நீளமான ஒரு கடை பேருக்கு இருநூறு முந்நூறு குட்டி வட்டம் வரும், வெட்டி முடிச்சதும் சுத்தி இருக்கற தாளை உரிக்கறப்போ வட்டமும் கூடவே உரிஞ்சு வரும், அண்ணன் ஒவ்வொன்னா ஊசியால அமுக்கி உக்கார வைக்கணும். அந்த வேலைக்கு ஃபான்ட்டை தலைகீழா குடுங்க, அதாவது பின்னணி ஒரே தாளா இருக்கணும், புள்ளி எல்லாம் அதுல ஓட்டை. அடியில மஞ்சள் தாள், மேல ஓட்டை போட்ட கறுப்பு தாள். வளையத்துக்கு மட்டும் நடு உருண்டையை கையால ஒட்டணும், ஒரு கடை பேருல ரெண்டு மூணு தான் வரும்.

ஃபான்ட்டை வெளிய விடறதுக்கு முன்னாடி எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் (யாரும் பயன்படுத்தலாம், மாத்தலாம்ங்கற அனுமதி) சேத்துடுங்க, கூடவே அந்த டெக்ஸ்ட் ஃபைலையும் குடுங்க. யாராவது ஒருத்தர் அதைத் திறந்து ழ-வுல ஒரு குறியை தள்ளி வச்சு உங்களோடதை விட நல்ல ழ செஞ்சு அனுப்புவாங்க, எனக்கு அப்படித்தான் இப்போ இருக்கற ழ கிடைச்சது.